முதல் ஸ்லிப்பில் நின்றவர்

அவர் என்னிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கெட்ட வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது. ஆனாலும் அவருடன் விளையாடிய ஒன்பது வருஷமும் அவருக்குப் பயந்துகொண்டேதான் இருந்தேன். நான் மட்டுமில்லை, மில் டீமில் இருந்த எல்லோரும் அப்படித்தான். கேப்டன் அவர்தான். சனிக்கிழமை காலையில், ஆட்களின் வரவைக் குறிக்கிற டைம் ஆபீஸ் சுவரில் அவர் லிஸ்ட் ஒட்டுவார். அன்றைக்கு எங்களில் ஒருவனும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்க மாட்டான்.

லிஸ்ட் என்றால் ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு ஆடப்போகிற பதினோரு பேரின் பெயர். பென்சிலில், அச்சுப் போன்ற கையெழுத்தில், ஒரு எழுத்துகூடச் சாயாமல் எழுதியிருப்பார். அதில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதற்கு எதற்கு அவ்வளவு பயம் என்று இப்போது கேட்டால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அந்தக் காலத்தில் பெங்களூரில் ஒரு மில் வைத்திருந்தால் கிரிக்கெட் டீமும் வைத்திருப்பது முதலாளிகளுக்குப் பெருமை. எங்களை ஆட்டத்துக்காகவே வேலைக்கு எடுத்தார்கள். பேருக்கு நான் ஸ்டோரில் குமாஸ்தா. இன்னொருவன் கேட்டில் செக்கர். மத்தியானம் இரண்டு மணிக்கு மற்றவர்கள் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நாங்கள் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போய்விடுவோம்.

தொடர்ந்து மூன்று வாரம் லிஸ்டில் பெயர் வரவில்லையென்றால் லேபர் ஆபீசரிடமிருந்து ஒரு கடிதம் வரும். எங்கே ஆள் குறைவோ அங்கே போக வேண்டும். ஆள் எப்போதும் குறைவாக இருந்தது ப்ளோ ரூமில்தான். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போட்டு அடித்து உதிர்க்கிற இடம் அது. உள்ளே பல் பல்லாக வைத்த உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். பஞ்சு சிக்கினால் கையால்தான் எடுத்துவிட வேண்டும். அங்கே யாரும் நிறைய நாள் நிற்பதில்லை. ஒன்று மார்ச்சளி வந்து போவார்கள். இல்லாவிட்டால் கை போய்ப் போவார்கள்.

அதனால்தான் அந்தப் பென்சிலிடம் எங்களுக்கு அப்படி ஒரு பயம்.

பார்வைக்கு அவர் பயமுறுத்துகிற ஆள் இல்லை. ஒல்லியாக, நடுத்தர உயரம். எப்போதும் வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார். டீம் பேட்டிங் செய்யும்போது உட்காரவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லைக்கோட்டை ஒட்டி நடந்துகொண்டே இருப்பார். அவரிடம் பயப்பட வேண்டியது அவருடைய கண். மனுஷனுடைய உடம்பில் என்ன நடக்கிறதென்று அவனுக்கே தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவனைப் பார்த்து, "உனக்குக் காய்ச்சல் வரப்போகுதுப்பா, வீட்டுக்குப் போ" என்பார். சாயங்காலம் அவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். அப்படி எதையாவது கண்டுபிடித்துவிட்டால் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "பாத்தாச்சு." அதைச் சொன்னபிறகு அவர் மனதை மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

என்னையும் அப்படித்தான் பார்த்து எடுத்தார். காக்ஸ் டவுன் பக்கத்தில் ஒரு மைதானத்தில் கார்க் பந்தில் ஆடிக்கொண்டிருந்தோம். நான் விக்கெட் கீப்பர். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று ஒரு மணி நேரம் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கையைக் காட்டு" என்றார். ஏற்கெனவே முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்த என் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க இருக்க?"

"ஜீவனஹள்ளி சார்."

"சார் வேணாம். மில்லுல வேலை இருக்குது, வர்றியா?"

அவ்வளவுதான். நான் அப்போது கல்யாணமாகி நிரந்தர வேலையில்லாமல் அலைந்துகொண்டிருந்தவன். அவர் எனக்குச் சோறு போட்டவர். சோறு போட்டவரிடம் இவ்வளவு பயம் இருக்கலாமா என்று என் மனைவி லோகு கேட்பாள். போட்டவர் எடுக்கவும் முடியுமே என்பேன்.

கேப்டன் முதல் ஸ்லிப்பில் நிற்பார். அதாவது விக்கெட் கீப்பரான எனக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் முகத்தைத் திருப்பாமல் தாழ்ந்த குரலில் பேசுவார். அவருடைய கதையெல்லாம் எனக்குத் துண்டுதுண்டாக அங்கே கிடைத்ததுதான். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவர் பூமிக்கடியில் இறங்க மாட்டேன் என்று பெங்களூருக்கு ஓடிவந்துவிட்டார். கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்கார ஆபீசர்கள் பேட்டிங் பழகுவதற்குப் பந்து போடுகிற வேலை கிடைத்தது. மத்தியானம் முழுக்கப் பந்து போடுவார். பேட்டைத் தொட விடமாட்டார்கள். பந்து போட்டுக்கொண்டே அவர்களுடைய காலையும் மணிக்கட்டையும் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் கற்றுக்கொண்டாராம்.

"சுதந்திரம் வந்தப்ப ஊரே மிட்டாய் குடுத்துச்சு கீப்பரே. நான் மட்டும் வேலை போச்சேன்னு உக்காந்திருந்தேன்" என்றார் ஒருமுறை. அவர் தன் பயத்தைப் பற்றிச் சொல்லி நான் முதலில் கேட்டது அப்போதுதான். அந்தச் சமயம் பந்து வந்துவிட்டது. பேச்சு நின்றுபோயிற்று.

ஒரு அரையிறுதி ஆட்டம். எதிர் டீமில் அன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஆளுடைய பேட்டின் விளிம்பில் பட்டுப் பந்து தாழ்வாக வந்தது. நான் விழுந்து பிடித்தேன். எல்லோரும் கத்தினோம். அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். அந்த ஆள் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

"கீப்பரே, தரையில பட்டுச்சா?"

"தெரியல கேப்டன்."

"உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். பந்து தரையில் பட்டுத்தான் என் கையுறைக்குள் வந்தது. அவர் அம்பயரிடம் போய் ஏதோ சொல்லி, அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டார். அவன் வந்து சதம் அடித்தான். நாங்கள் தோற்றோம்.

அந்த வாரம் முழுக்க நான் செத்துப் பிழைத்தேன். லோகுவுக்கு அப்போது ஏழாம் மாதம். சனிக்கிழமை காலையில் வாசலில் நின்று, "லிஸ்ட்டப் பாத்ததும் யாருகிட்டயாவது சொல்லி அனுப்புங்க. சாயங்காலம் வரைக்கும் என்னால தாங்க முடியாது" என்றாள். டைம் ஆபீஸ் சுவருக்கு முன்னால் போய் லிஸ்டைப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவதாக என் பெயர் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்குப் பயிற்சியில் தயங்கித் தயங்கி, "என்னை லிஸ்டுலருந்து எடுத்துடுவீங்கன்னு நெனச்சேன் கேப்டன்" என்றேன்.

"எதுக்கு?"

"பொய் சொன்னதுக்கு."

"அதுக்கெல்லாம் எடுத்தா பதினோரு பேரு தேறுவானா? உன் கையில பந்து நிக்குது. அது நிக்கிற வரைக்கும் நீ இருப்ப."

ஆறுதலாகச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. நான் நல்லவனாக இருப்பதோ, நன்றியோடு இருப்பதோ, பிள்ளைகுட்டிக்காரனாக இருப்பதோ அந்த மனுஷனுக்குக் கணக்கே இல்லை. கை மட்டும்தான். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் விரல்களை மடக்கி மடக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது.

சவரிமுத்து எங்கள் வேகப் பந்துவீச்சாளன். காக்ஸ் டவுனில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் வீடு. எனக்கு உயிர்ச்சிநேகிதன். அப்போது புல்தரையில் ஆட்டம் இல்லை. கெட்டித் தரையில் தென்னைநார்ப் பாயை இழுத்து ஆணியடித்து அதன்மேல் ஆடுவோம். சவரி போடுகிற பந்து அந்தப் பாயில் குத்தித் தொண்டைக்குழிக்கு எழும்பும். தலையில் துணித்தொப்பியைத் தவிர வேறு காப்பு கிடையாது. எதிர் டீம்காரர்கள் அவன் ஓடிவருவதைப் பார்த்தே வெளுத்துப்போவார்கள்.

அந்த வருஷம் ஒரு மேட்சில் சவரி நான்கு விக்கெட் எடுத்தான். எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டோம். திரும்பி வந்து நின்றதும் கேப்டன் கேட்டார், "பாத்தியா கீப்பரே?"

"நாலாவது விக்கெட்டு கேப்டன்!"

"அதில்ல. அவன் முன்கால். ஊன்றதுக்கு பயப்படுது. முன்னெல்லாம் கடப்பாறை மாதிரி இறக்குவான். இப்ப முள்ளு மேல வைக்கிற மாதிரி வைக்கறான்."

"நாலு பேரு அவுட்டாயிருக்காங்களே."

"அவன் பேருக்குப் பயந்து அவுட்டானாங்க. பந்துக்கு இல்ல." கிராம்பை ஒரு கடி கடித்தார். "பாத்தாச்சு."

அந்தச் சனிக்கிழமை லிஸ்டில் சவரி இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. அன்றைக்கு மில் கேட்டுக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டான். பந்து போடும்போது இரும்பு மாதிரி இருக்கிற அந்தக் கை ஈரமாக இருந்தது.

"மச்சான், நீ அவரு பக்கத்துல நிக்கற. நாள் பூரா பேசிக்கிட்டிருக்கீங்க. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுடா. வெறும் ஆணிக்கால்தான். ஒரே மாசம், சரியாயிடும். ப்ளோ ரூமுக்கு மட்டும் போக வேணாம்டா."

"சொல்றேன் சவரி."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் அடுத்த ஓவரில் சொல்லலாம் என்று நினைத்தேன். சவரிக்காகப் பேசப்போய் அவர் கண் என் விரல் பக்கம் திரும்பிவிட்டால்? வீட்டில் ஆறு மாதக் குழந்தை. ஆட்டமும் முடிந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்பில் சவரி காத்துக்கொண்டிருந்தான்.

"சொன்னியாடா?"

"சொன்னேன். அவரு கேக்கல."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்! அவன் என் தோளைத் தட்டி, "பரவால்ல மச்சான், நீ என்ன பண்ணுவ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாவது சனிக்கிழமையும் அவன் பெயர் வரவில்லை, ப்ளோ ரூமுக்குப் போனான். மூன்றாவது மாதம் அவனுடைய வலது கை உருளைக்குள் போனது. கட்டைவிரலைத் தவிர மற்ற நாலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு நானும் கேப்டனும் சேர்ந்து போனோம். நான் தனியாகப் போகப் பயந்துதான் அவருடன் போனேன். எங்களைப் பார்த்ததும் சவரியின் மனைவி ஸ்டெல்லா எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதானே பேரை எடுத்தது? பாருங்க. நல்லாப் பாருங்க. உங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுமாமே!"

வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவள் சொன்னபடியே கட்டுப்போட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடு ஸ்டெல்லா" என்றான் சவரி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என் காலு போயிடுச்சின்னு எனக்கே தெரியும். அவரு பாத்ததைச் சொன்னாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "இவன்கூட எனக்காக அவருகிட்டப் பேசினான். அவரு கேக்கல. அவ்வளவுதான்" என்றான்.

கேப்டன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ பயந்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷம்போல் ஒருநாளும் பயந்ததில்லை. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி, சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, "எங்கிட்ட என்ன பேசின?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேசியிருந்தாலும் அவன் பேரை எடுத்துத்தான் இருப்பேன்" என்றார். "ஆனா நீ பேசியிருக்கணும்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்த வாரமும் லிஸ்ட் ஒட்டப்பட்டது. அதில் என் பெயர் இருந்தது. சவரி கொஞ்ச நாளில் குடும்பத்தோடு அத்திபெலேக்குப் போய் மச்சினன் கடையில் உட்கார்ந்தான். கேப்டன் மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவார் என்று கேள்விப்பட்டேன். நான் ஒரே ஒரு தடவை போனேன். அவன் இடது கையால் எனக்கு டீ கொடுத்தான். அதற்குப் பிறகு போக முடியவில்லை.

கேப்டனுக்கு நாற்பது தாண்டியிருந்த வருஷம் ஷீல்டு மேட்சு ஒன்று நடந்தது. எதிர் டீமில் புதிதாக ஒரு வேகப்பந்துக்காரன், பனைமரம் மாதிரி வளர்த்தி. எங்களில் நாலு பேரைச் சீக்கிரமே அனுப்பிவிட்டான். நான் உள்ளே போனபோது கேப்டன் ஆடிக்கொண்டிருந்தார். நான் எதிர்முனையில் பௌலர் பக்கம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பேட் பிடித்திருப்பவரின் முகம் நேராகத் தெரியும். எத்தனையோ தடவை அப்படிப் பார்த்த முகம்தான்.

பந்து பாயில் குத்தி எழும்பியது. கேப்டனுடைய கண்கள் மூடிக்கொண்டன.

பேட் தானாகச் சுழன்றது. பந்து அதன் தோளில் பட்டுப் பின்னால் பறந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. கூட்டம் "கேப்டன்! கேப்டன்!" என்று கத்தியது. அவனுடைய அடுத்த ஓவரில் இன்னொரு பந்து. மறுபடியும் மூடினார். மறுபடியும் நாலு. வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை. கூட்டத்துக்கு அவர் பேட்தான் தெரியும்.

அந்த ஓவர் முடிந்ததும் இருவரும் பாய்க்கு நடுவில் சந்தித்தோம்.

"பாத்தியா?"

"என்ன கேப்டன்?"

"என் கண்ண."

"இல்ல கேப்டன்."

"ரெண்டு தடவை மூடினேன். நீ நேரா நின்னுக்கிட்டிருந்த."

"வெயிலு கேப்டன்."

"வெயிலு என் முதுகுப் பக்கம் இருக்குது." பேட்டால் பாயை இரண்டு தட்டுத் தட்டினார். அவர் அவ்வளவு தனியாக நின்று நான் பார்த்ததில்லை. "பாத்தாச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அன்றைக்கு அவர் ஐம்பதுக்கு மேல் அடித்தார். நாங்கள் ஜெயித்தோம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை லிஸ்டில் முதல் பெயராக என் பெயர், பக்கத்தில் கேப்டன் என்று எழுதியிருந்தது. அவர் பெயர் எங்கேயுமில்லை.

அடுத்த இரண்டு வாரமும் அவர் என்னிடம் லிஸ்ட் எழுதச் சொல்லி, தன் பெயரை நான் எழுதியதும் பென்சிலால் அடித்தார். மூன்றாவது வாரம் லேபர் ஆபீசர் அவரைக் கூப்பிட்டு, டைம் ஆபீசில் நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றாராம். இவர், "சவரிமுத்தை எங்க அனுப்பினீங்க சார்?" என்று கேட்டாராம். திங்கட்கிழமை ப்ளோ ரூமில் போய் நின்றுவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருடைய மனைவி ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அதுவரை அந்த அம்மாளை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். லோகு கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"தம்பி, ஊரெல்லாம் அவரை மகான்னு பேசுது. டீக்கடையில பேசறாங்க, சர்ச்சுல பேசறாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. மில்லு சங்கு ஊதறப்பல்லாம் அவரு முழுசா வரணுமேன்னு வாசல்ல நிக்கறேன். அவருக்கு நியாயம் நடந்தாப் போதும். எங்களுக்கு அவரு வேணுமே! நீங்க சொன்னா கேப்பாரு."

"எங்க கேக்கப்போறாரும்மா" என்றேன். ஆனால் போனேன். வீட்டு வாசலில் நிற்கவைத்தே பதில் சொன்னார்.

"எனக்கு மட்டும் நாற்காலின்னா, இத்தனை வருஷமா நான் எழுதினது எல்லாம் என்னா கீப்பரே? போ, நாளைக்குப் பயிற்சி இருக்குது."

இப்போது லிஸ்ட் என் வேலை. டீமில் முனிசாமி என்று ஒருவன் இருந்தான், சந்தாபுராக்காரன். கன்னடமும் தமிழும் கலந்து பேசி எல்லோரையும் சிரிக்கவைப்பான். எல்லைக்கோட்டோரம் மான் மாதிரி ஓடுவான். அந்த வருஷம் அவன் முழங்கால் வீங்க ஆரம்பித்தது. என் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு வாரம் லிஸ்டில் அவன் பெயரை விட்டுவிட்டேன். இரண்டாவது வாரமும் விட்டேன். "ஏன் குரு, என் மொகம் சலிச்சுப்போச்சா?" என்று சிரித்தான். மூன்றாவது வாரம் சேர்த்துவிடுவோம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மூன்றாவது சனிக்கிழமை காலையில், எழுதிய லிஸ்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ப்ளோ ரூமுக்குப் போனேன். அவரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று நினைப்பு. பதினோரு பெயரில் முனிசாமி இல்லை. கடைசி நேரத்தில் அவனைச் சேர்க்க எனக்கு மனது வரவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

உள்ளே மூச்சு முட்டியது. காற்றெல்லாம் பஞ்சு. சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் வெள்ளையாக ஒரு கிழவர் மிஷின் பக்கத்தில் நின்றார். கிட்டே போனபிறகுதான் அவர் என்று தெரிந்தது. ஐந்து வாரத்தில் அப்படி ஆகிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். நான் சட்டைப்பையில் கை வைத்தேன்.

"காட்டாத. அது உன்னுது."

"எப்படி இருக்கீங்க கேப்டன்?"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பயமா இருக்குதுப்பா" என்றார். "காலைல செருப்பு மாட்டறப்பவே ஆரம்பிச்சிடுது. அதுங்கிட்ட கை கொண்டுபோறப்ப கண்ணு தன்னால மூடிக்குது. என்னைக்காவது ஒருநாள் மாட்டிக்கும்."

அவருக்கு ஒன்றுமே ஆகாது என்று உள்ளுக்குள் எப்படியோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் லேபர் ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்லட்டுமா? டைம் ஆபீசுக்கு மாத்தச் சொல்லி?"

வேண்டாம் என்பார், போ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லு" என்றார்.

நான் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். இந்தத் தடவை ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடவில்லை. லேபர் ஆபீசர் மைசூர்ப் பக்கத்துக்காரர். நான் மூச்சுவாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆயித்து, மாத்தறேன். அவர் மேலே எனக்கும் மரியாதை இருக்கு" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அதற்குள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஆனா அங்கே ஒரு ஆளு குறையுமே. உங்க டீம்ல மூணு வாரம் ஆடாதவன் யாரு?"

பையில் இருந்த லிஸ்டை நான் இன்னும் ஒட்டவில்லை. வெளியே வந்து ஒரு பெயரை மாற்றி எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் இன்னும் ஒரு வாரம் கேப்டன் அந்த மிஷினிடம் நிற்க வேண்டும். ஆபீசரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

"முனிசாமி" என்றேன்.

கேப்டன் திங்கட்கிழமை டைம் ஆபீசில் உட்கார்ந்தார். அவருடைய மனைவி லோகுவிடம் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பினார். எங்களால் அதைச் சாப்பிட முடியவில்லை, அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டோம். தன் இடத்துக்கு யார் போனது என்று கேப்டன் என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மில்லுக்குள் வருகிறவன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை அவர் ஜன்னலில்தான் வாங்க வேண்டும், போகிறவன் அங்கேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவரை நான் அங்கே பத்து வருஷத்துக்குமேல் பார்த்தேன். கிரவுண்டுப் பக்கம் அவர் வரவில்லை. என் லிஸ்டைப் பற்றி ஒரு அபிப்பிராயம் சொன்னதில்லை. பில்லை கொடுக்க வருகிறவர்களிடம் நன்றாகப் பேசுவார், சிரிப்பார்கூட. ஷிப்ட் முடிகிற நேரத்தில் மட்டும் பேச்சு நின்றுவிடும். ப்ளோ ரூம் ஆட்கள் வரிசையாக வரும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொள்வார். பஞ்சு படிந்த கை ஒவ்வொன்றாக ஜன்னலுக்குள் நீளும். முனிசாமியின் முறை வரும்போது நானும் ஸ்டோர் வாசலில் வேலையில்லாமலே நின்றுகொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்க்கமாட்டார், நானும் அவரைப் பார்க்கமாட்டேன்.

கேப்டன் எழுந்து நின்று கைகளைத்தான் பார்க்கிறார் என்று முனிசாமிக்குத் தெரிந்துபோயிற்று. ஒருநாள் சாயங்காலம் பில்லையை ஜன்னல் பலகையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டி விரல்களை விரித்தான்.

"பத்தும் இருக்குது கேப்டன்" என்றான் சிரித்துக்கொண்டே. "வேணும்னா எண்ணிக்கோங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கேப்டன் எண்ணினார்.